தட்டைப் பாதம் என்றால் ராணுவக் கனவு முடிந்ததா?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் ஆன்லைன் தேர்வில் தேறிவிட்டான். உயரம் 168 செ.மீ. 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 40 நொடியில் ஓடுகிறான். பாதம் மட்டும் தட்டை. மெடிக்கலில் 'ஃபிட்' போட்டுத் தருவதாக ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். மார்க் ஷீட் ஒரிஜினலையும் வாங்கிப் போய்விட்டார். பணம் கொடுக்கலாமா ஐயா? (ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய் கூட.

முதலில் பாதம். இன்று ராத்திரியே பையனை ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நிற்க வையுங்கள். உள்பக்க வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைதான். ஆனால் அதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்கச் சொல்லி, நீங்கள் குனிந்து பாதத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். வளைவு எழும்பி வருகிறதா? பாதம் விறைப்பில்லாமல் வளைந்து கொடுக்கிறதா? விரல் நுனியில் வலியில்லாமல் ஓடவும் குதிக்கவும் முடிகிறதா? இவ்வளவும் சரியாக இருந்தால் அந்தப் பாதத்தை ராணுவ மருத்துவ விதியே ஏற்றுக்கொள்கிறது. தூக்கி நின்றாலும் பலகை போலவே இருக்கும் பாதத்தைத்தான் கழிப்பார்கள். உங்கள் மகன் 5:40-இல் ஓடுகிறான், வலி என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஜெனரல் டியூட்டிக்கு, அதாவது பொதுச் சிப்பாய் வேலைக்கு, தமிழ்நாட்டுப் பையன்களுக்கு 166 செ.மீ. உயரம் போதும். ஓட்டத்தில் 5:30-க்குள் வந்தால் 60 மதிப்பெண், 5:45-க்குள் என்றால் 48. அந்தப் பத்து நொடியைக் குறைக்கப் பாடுபடட்டும். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, பத்து எடுத்தால் 40, ஆறு எடுத்தால் வெறும் 16. 9 அடி பள்ளம் தாண்டுவதில் தேறினால் போதும்.

இப்போது அந்த ஆள். இவர்களின் கணக்கு எளிது. பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார்கள், யாருக்கும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். சொந்தத் திறமையில் நாலு பேர் தேறுவார்கள். அந்தப் பணம் இவர்களுக்கு. மீதி ஆறு பேருக்குத் திருப்பிக் கொடுத்து 'நாணயமானவர்' என்று பெயரும் வாங்கிக்கொள்வார்கள். பாதத்துக்கு ஆபரேஷன், ஓட்டத்துக்கு ஊசி என்று அடுத்து வருவார்கள். ஊசி போட்டுக்கொண்டு ஓடிய பையன்கள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்ததைப் பார்த்தவன் நான்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் அமைப்புதான். இரண்டு வருடம் விடியற்காலையில் ஓடிய பிள்ளைக்கு, நேராக நின்றால் முட்டி இரண்டும் இடிக்கிறது, நிறம் சரியாகத் தெரியவில்லை என்பது மெடிக்கல் அன்றுதான் தெரிய வருகிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு ஏற்பாடு செய்தால் என்ன? 'அன்ஃபிட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு. என்ன குறை, அடுத்து எங்கே போக வேண்டும் என்று தமிழில் விளக்க ஆளில்லை.

அந்தச் சீட்டு வந்தாலும் பையன் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டாம். மறுபரிசோதனை கேட்டு, சீட்டில் குறித்திருக்கும் ராணுவ மருத்துவமனைக்குச் சொன்ன கெடுவுக்குள் போக வேண்டும். அங்கே அந்தக் குறைக்குரிய சிறப்பு மருத்துவர் பார்ப்பார். கெடு தவறினால் வாய்ப்பு போய்விடும்.

அப்புறம், மார்க் ஷீட். நாளைக் காலையிலேயே உறவினர் இரண்டு பேரோடு போய்த் திருப்பி வாங்குங்கள். ஒரிஜினல் இல்லாமல் ஆள்சேர்ப்பு மைதானத்துக்குப் போய்ப் பயனில்லை. இழுத்தடித்தால் அங்கிருந்தே நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள்.