117ஆம் சங்கீதத்தில் தொடங்கட்டும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பி.காம். முடித்த மகள் வெப் டிசைன் படிக்கிறேன் என்கிறாள், 48,000 ரூபாய் கட்டி ஆறு மாத வகுப்பில் சேர்க்கலாமா என்பது ஒன்று. லேப்டாப் வந்ததிலிருந்து இரவு இரண்டு மணி வரை வீடியோ பார்க்கிறாள், காலையில் குடும்ப ஜெபத்துக்கு எழுந்து வருவதில்லை, இந்தப் படிப்பே வேண்டாமோ என்பது இன்னொன்று. பணத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ ஜெபத்தைப் பற்றி எழுதிய நாலு வரியில்தான் இரண்டுக்கும் பதில் இருப்பதாகப் படுகிறது.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். இப்போது கட்டாதீர்கள். இணையப் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். இரண்டையும் ஃப்ரீகோட்கேம்ப், எம்.டி.என். போன்ற தளங்களில் காசில்லாமல் படிக்கலாம். ‘100 சதவீதம் வேலை உறுதி’ என்று போர்டு வைத்த ஒரு இடத்துக்குப் பிள்ளைகளை நானே ஒரு காலத்தில் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பையனுக்குக் கிடைத்த வேலை, அதே இடத்துக்கு ஆள் பிடிக்க போன் செய்வது. அதற்கப்புறம், மூன்று மாதம் சொந்தமாகப் படித்துக் காட்டாத யாரையும் கட்டண வகுப்புக்கு நான் அனுப்புவதில்லை.

அந்த இரண்டு மணி விஷயத்துக்கு வருவோம். வீடியோவில் இன்னொருவர் டைப் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மறுநாள் வெற்றுத் திரையைத் திறந்தால் கை ஓடாது. உடனே இன்னொரு வீடியோ. இப்படி ஒரு வருஷம் ஓட்டியவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

நான் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் பாளையங்கோட்டையில் மிஷன் விடுதி ஒன்றில் ஏழு வருஷம் சாப்பிட்டுப் படித்தவன். காலை ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். வேதாகமத்தில் ஒரு அதிகாரம், ஒரு மனப்பாட வசனம், ஒரு ஜெபம். இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். நேற்றைய வசனத்தைப் பார்க்காமல் சொன்னால்தான் இன்றைய வசனம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். நாளுக்கு ஒன்றாக வாரத்துக்கு ஐந்து நாள் வாசித்தால் சரியாக 52 வாரம். உங்கள் மகள் ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து வளர்ந்தது இந்தப் பழக்கத்தில். தினம் கொஞ்சம், ஒரே நேரத்தில், பழையதை ஒப்பித்துவிட்டுப் புதியது. வெப் டிசைன் படிக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவளோ அதை வீட்டில் வைத்துக்கொண்டு நடுராத்திரியில் வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு அவர் போட்டுக்கொண்ட அட்டவணையில் காலை ஏழு முதல் எட்டு வரை புதுப்பாடமே கிடையாது. முன்பே படித்து எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்க்கிற நேரம் அது. எட்டு மணிக்கு மேல்தான் புதிய ஏட்டைப் பிரிப்பார். அந்த முதல் ஒரு மணி நேரத்தை மகளுக்குச் சொல்லுங்கள்.

அவளுக்கு நான் போடும் அட்டவணை இது. காலை ஜெபம் முடிந்ததும் 15 நிமிஷம், ஒரே ஒரு பாடம். மாலையில் ஒரு மணி நேரம் கைவேலை. அதில் முதல் பத்து நிமிஷம் நேற்று எழுதியதைப் பார்க்காமல் மறுபடி எழுதுவது. இரவு பத்தரைக்கு லேப்டாப் மூடப்படும். பாடம் சின்னதாக இருக்கலாம், கைவேலையைக் குறைக்க முடியாது. தினம் 15 நிமிஷத்தில் வெப் டிசைனர் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம்.

எதை வைத்துப் பழகுவது? வகுப்புகளில், எங்குமே இல்லாத ஒரு பீட்சா கடைக்கு இணையப் பக்கம் செய்யச் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு வேதாகமத்தின் சங்கீத புத்தகம் போதும். முதல் நாள் 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். தலைப்புக்கு ஒரு டேக் (இது தலைப்பு என்று உலாவிக்குச் சொல்லும் குறி), வசனத்துக்கு ஒரு டேக், பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்க ஒரு சொல். அப்புறம் 23ஆம் சங்கீதம், ஆறு வசனம். இவை ஆறு பத்திகளா, எண்ணிட்ட பட்டியலா? இந்தக் கேள்வியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் எச்.டி.எம்.எல். எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிடும். மூன்றாவது வாரம் 119. எபிரெய அகரவரிசைப்படி 22 பகுதி, பகுதிக்கு எட்டு வசனம், மொத்தம் 176. இதை ஒரே நீளமாகப் போட்டால் போனில் விரல் தேய்ந்துவிடும். 22 பகுதிக்கும் இணைப்பு வைத்து மேலே ஒரு மெனு கட்டத்தான் வேண்டும்.

சி.எஸ்.எஸ். பாடத்துக்கும் வேதாகமத் தமிழ் நல்ல வாத்தியார். ‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்ற ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் தலைப்பாக வைத்துச் சின்ன போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சொல்லின் வால் திரைக்கு வெளியே போய்விடும். ஆங்கிலத்தில் மட்டும் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. எழுத்தைக் குறைப்பதா, சொல்லை மடக்குவதா, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி விடுவது, கண்ணாடி போட்ட பாட்டி வாசிப்பாரா என்று யோசிக்க ஆரம்பிப்பாள். சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்திலும் இதே தலைவலி இருந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ பற்றாக்குறை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. சங்கீதத்தை வைத்துப் பக்கம் கட்டுவதை அவளோ நீங்களோ தியானக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். டேக் எண்ணுகிற கண்ணுக்கு வசனம் தெரியாது. ஜெப நேரத்தில் அச்சிட்ட வேதாகமம் மட்டும் இருக்கட்டும், போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். ஒரு நாள் அவள் எழுந்து வரவில்லை என்றால் லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள். ஜெபத்துக்கு அபராதம் போட்டால், அபராதத்துக்குப் பயந்து வந்து கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருப்பாள். (விடுதியில் நான் அப்படித்தான் இருந்தேன்.)

விஷயம் தெரிந்ததும் உங்கள் சபையில் இணையதளம் கேட்பார்கள். முதல் தளத்தை இலவசமாகவே செய்யட்டும், ஆனால் எந்தத் தேதியில் முடித்துக் கொடுப்பாள் என்று சபையார் அவளிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, சபையின் பெயரில், சபையின் மின்னஞ்சலில்தான் பதிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பையன் தன் பெயரில் பதிந்துவிட்டு துபாய் போனான். புதுப்பிக்கும் தேதி தாண்டிப் போனது, தளமும் போனது. பழைய சபை மலர்க் கட்டுரைகள் பாமினி போன்ற பழைய வகை எழுத்துருவில் இருக்கும். எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். வெறும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்ஸுக்கு இன்று வேலை குறைவு. ஆயத்த டெம்ப்ளேட்டும் ஏ.ஐ. கருவிகளும் எளிய பக்கங்களை நொடியில் செய்து தருகின்றன. நாலாவது மாதத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைக்கும் மொழி), கூடவே ஃபிக்மா (வடிவமைப்பை வரையும் கருவி), கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி); காட்டுவதற்கு சொந்தமாகச் செய்த மூன்று தளங்கள். இதற்கு ஒன்றரை வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். வீணாகாது. கடைக்காரருக்குப் பில்லும் ஜி.எஸ்.டி.யும் புரிந்த டிசைனர் கிடைப்பது அபூர்வம். வேலை என்றாலே பெங்களூர்தானா என்ற பயமும் வேண்டாம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அந்த 119ஆம் சங்கீதப் பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக இணையத்தில் ஏற்றலாம். நான் கம்ப்யூட்டரில் திறக்க மாட்டேன், என் பழைய போனில்தான் திறப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த 48,000 ரூபாயைப் பற்றிப் பேசலாம்.