கரையோர வேடருக்கு ஓர் எழுத்துரு: கடிதமும் பதிலும்

ஐயா,
இலங்கையின் கிழக்குக் கரையில் மூதூர், வெருகல் பக்கத்தில் வாழும் கரையோர வேடர் சமூகத்துக்கென ஒரு தமிழ் எழுத்துரு (font) செய்ய நினைக்கிறோம். ஊர்ப் பலகையிலும் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகத்திலும் அது வரவேண்டும். எழுத்து முனைகளில் வில், அம்பு வைக்கலாமா? வேடர் பற்றிச் செலிக்மன் தம்பதியர் எழுதிய 1911 ஆம் ஆண்டு நூலிலுள்ள குகைச் சித்திரங்களையும் சேர்க்கலாமா?
வாசகர், மூதூர்

அன்புள்ள தம்பி,

வில்லும் அம்பும் வேண்டாம். 1923 இல் ருடால்ஃப் கோக் ஜெர்மனியில் வெட்டிய நொய்லாண்ட் என்ற எழுத்துருவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஓர் உறவும் இல்லை. முரட்டு வடிவம் என்பதற்காகவே ஆப்பிரிக்கா பற்றிய புத்தக அட்டைகளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வெளியார் கற்பனை செய்யும் வேடர் உங்கள் எழுத்துக்குள் வந்துவிடக் கூடாது. குகைச் சித்திரங்களும் உள்நாட்டு வேடருடையவை. அந்த நூலே கரையோர வேடரைத் தனி அத்தியாயத்தில்தான் பேசுகிறது.

அடையாளம் கோட்டில் இருக்கட்டும். பெரியவர்கள், பிள்ளைகள், வள்ளத்தில் பெயர் எழுதுபவர்கள் எல்லோரிடமும் ஒரே சொற்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்: ஈரமணலில் விரலால், கரித்துண்டால், தட்டைத் தூரிகையால். நேர் மேலிருந்து படமெடுங்கள். விரற்கோடு ஒரே தடிப்பில் ஓடி உருண்டு முடியும். தட்டைத் தூரிகையில் கிடைக்கோடும் நிலைக்கோடும் தடிப்பில் வேறுபடும். ஊர்க்கூட்டத்தில் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் எழுத்துகள் ஒரு குடும்பமாக நிற்காது.

சோதனைச் சொற்கள் உங்கள் ஊர்களிலேயே இருக்கின்றன. 'மூதூர்' என்பதில் இரண்டு ஊகாரம். 'வெருகல்' என்பதில் முன்னால் நிற்கும் கொம்பு. 'ஈச்சிலம்பற்று' என்பதில் மூன்று புள்ளி. இவை சரியாக வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, கிரந்தம், டி, டீ, துணைக்குறிகள் எல்லாம் சேர்த்து 80க்குச் சற்று மேல் வடிவங்கள் வரைய வேண்டும். இதில் உகர, ஊகார வடிவங்கள் மட்டுமே 36. து, மு, பு மூன்றும் மூன்று விதமாக மாறுவதால் ஒரு குறியை ஒட்டிச் சமாளிக்க முடியாது. கௌ என்று தட்டினால் கணினி ஔகாரத்தைக் கொம்பாகவும் ள போன்ற நீட்டக் குறியாகவும் பிரிக்கும். அந்தக் குறிக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுவதால் அங்கே கட்டம் விழுகிறது.

எழுத்தை வரையும் 1000 அலகுச் சதுரத்தில் கோட்டுத் தடிப்பை 80 அலகில் தொடங்கலாம். ண, ஞ, இ, ஐ ஆகியவற்றில் 70 வரை குறையுங்கள். இல்லாவிட்டால் 9 பாயிண்ட் எழுத்தளவில் மட்டமான தாளில் அச்சிடும்போது சுழிகள் மையால் அடைபடும். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு ன, ண வேறுபாடே அந்தச் சுழிதான். எழுத்துருவின் மேலெல்லை, கீழெல்லை அளவுகளையும் தாராளமாக வையுங்கள். குறுகினால் சில மென்பொருள்களில் 'மூ' கீழே வெட்டுப்படும், ஈகார விசிறி மேலே வெட்டுப்படும். மும்மொழிப் பலகையில் ஆங்கிலப் பேரெழுத்தின் உயரத்துக்குத் தமிழைச் சுருக்காதீர்கள். தூரத்தில் நின்று படித்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, உரிமம். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். எழுத்துகளுக்கு அது நல்லது. சடங்கில் வரும் குறிகள் கோப்புக்குள் இருந்தால் அவையும் அப்படியே போய்விடும். பிறகு திரும்பப் பெற வழியில்லை. அவற்றைத் தனிக் கோப்பாக ஊரிடமே விடுங்கள். எது உள்ளே, எது வெளியே என்பதைச் சடங்கு நடத்துபவர்களே சொல்லட்டும். முதல் எழுத்தை வரையுமுன்னரே அதைத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.