பூனை சாப்பிடவில்லை, காரணமும் தெரியவில்லை: எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 34. ஜெலுத்தோங்கில் வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. பிடித்தமெல்லாம் போகக் கையில் 2,900 வெள்ளி வரும். வாடகை, சாப்பாடு, மோட்டார் சைக்கிள், அம்மாவின் செலவு என்று மாதம் 2,300 போய்விடும். எங்கள் பூனை பஞ்சுவுக்கு ஏழு வயது, ஆண். 6 கிலோ இருந்தவன், மூன்று நாளாகத் தட்டில் வாயே வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்து 780 வெள்ளி கட்டினேன். "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்கிறார் மருத்துவர். அட்மிட் செய்தால் ஒரு நாளைக்கு 150, வயிற்று ஸ்கேன் 280, கழுத்து வழியாக உணவுக் குழாய் வைக்க 700, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் பரிசோதனைகள் 900 என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வங்கியில் 4,100 வெள்ளி, ஏஎஸ்எம் (அமானா சஹாம் மலேசியா) யூனிட் டிரஸ்டில் 6,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நெகிழ்வுக் கணக்கில் 1,900 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 2,300 பாக்கி. தோழி, கார்டிலேயே போட்டுவிடு என்கிறாள். "பூனைக்கு இவ்வளவா" என்று கேட்ட அம்மா, மறுநாள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது? கட்டிய 780 வீண்தானா?

— வாசகி, பினாங்கு

பதில்: இதை உங்களுக்கு மின்னஞ்சலில் உடனே அனுப்பிவிட்டேன். பத்தியில் வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. இதே நிலையில் இருக்கும் இன்னும் சிலருக்கு உதவும்.

முதலில் செய்ய வேண்டியது, பஞ்சுவை இன்றைக்கே மறுபடி கிளினிக்குக்குக் கொண்டுபோவது. சம்பளம் வரட்டும், சனிக்கிழமை விடுமுறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் உடலில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். சாப்பிடாததற்கு முதல் காரணம் சின்னதாகவே இருந்திருக்கலாம். ஆனால் கல்லீரல் கெட்டுவிட்டால் அதுவே தனி நோயாகி, வாரக்கணக்கில் சிகிச்சை கேட்கும். காத்திருந்தால் காசு மிச்சமாகும் என்று நினைப்போம், இந்த விஷயத்தில் நேர்மாறாக நடக்கும். அவன் காது உட்புறமோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது சிறுநீர் கழிக்க உட்கார்ந்து முக்கியும் வராமல் இருந்தால், அந்த நிமிடமே கிளம்புங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

780 வீண் இல்லை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், சர்க்கரை நோய், முற்றிய சிறுநீரகக் கோளாறு போன்ற சில பெரிய சந்தேகங்கள் பின்னுக்குப் போயிருக்கின்றன என்று பொருள். அந்த அறிக்கையையும் எக்ஸ்ரே படங்களையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால், அதே பரிசோதனைக்கு மறுபடி காசு கட்ட வேண்டியிருக்காது.

அடுத்து, காசே செலவில்லாத ஒரு வேலை. வீட்டில் என்ன மாறியது, எது காணாமல் போனது என்று அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள். பூக்கட்டும் நூல், தையல் நூல், ரப்பர் வளையம் எல்லாம் பூனை விளையாடி விழுங்கும் பொருட்கள். நூல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். நாக்குக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லில்லிப் பூ ஏதாவது வீட்டுக்கு வந்ததா? அது பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து பட்டதா? யாராவது பனடோல் கொடுத்தார்களா? பனடோலில் இருக்கும் பாராசிட்டமோல் பூனைக்கு விஷம், அரை மாத்திரைகூடக் கொன்றுவிடும். இப்படி ஏதாவது நடந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு வரியால் 900 வெள்ளிப் பரிசோதனை தேவையில்லாமலே போகலாம்.

இனி காசு விஷயம். கிளினிக் கொடுத்த மதிப்பீட்டை ஒரே தொகையாகப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அதில் இரண்டு வகைச் செலவு கலந்திருக்கிறது. ஒன்று, அவன் உடம்பில் சாப்பாடும் நீரும் போய்ச் சேருவதற்கான செலவு. இன்னொன்று, காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கான செலவு. முதலாவது காத்திருக்காது. இரண்டாவதைப் படிப்படியாகச் செய்யலாம். காரணம் கடைசிவரை தெரியாமலே குணமாகும் பூனைகளும் உண்டு, ஆனால் பட்டினி கிடந்து குணமாகும் பூனை இல்லை. அதனால் காசை ஒதுக்கும்போது சாப்பாட்டுக்கு முதலில் ஒதுக்குங்கள்.

எல்லையை நான் 3,000 வெள்ளி என்று வைக்கிறேன். வங்கியிலிருந்து 2,000, இபிஎஃப் நெகிழ்வுக் கணக்கிலிருந்து 1,000. வங்கியில் 2,100 மிஞ்சும்; உங்கள் ஒரு மாதச் செலவுக்கு ஏறக்குறைய அது போதும். அம்மாவுக்கு நாளைக்கே ஏதாவது ஆனாலும் கையில் காசு இருக்க வேண்டும், அதனால் அதற்குக் கீழே போக நான் சம்மதிக்க மாட்டேன். இந்த 3,000-ஐ இன்றைக்கே ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். கிளினிக் முகப்பில் நின்றுகொண்டு, கண் கலங்கிய நிலையில், எல்லை போட முடியாது.

முதல் படியாக மூன்று நாள் அட்மிட்டும் வயிற்று ஸ்கேனும் செய்யுங்கள். 450-உம் 280-உம் சேர்ந்து 730 வெள்ளி. ஸ்கேனை இந்தப் படியிலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. குடலில் அடைப்பு இருந்தால் அறுவை சிகிச்சை, கணையத்தில் வீக்கம் என்றால் மருந்தும் நீரும் என்று அந்த ஒரு பரிசோதனையின் பதிலால் சிகிச்சையே மாறும். இந்த மூன்று நாளில் குமட்டலை நிறுத்தும் மரோபிடன்ட், பசியைத் தூண்டும் மிர்டாசபின் போன்ற மருந்துகள் ஏற்றதா என்று கேளுங்கள். வாயையும் பல்லையும் நன்றாகப் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். பல்வலியும் மூக்கடைப்பும் பூனையைச் சாப்பிட விடாது. வாசனை தெரியாவிட்டால் அது தட்டைத் தொடவே தொடாது.

மருந்துக்கும் அவன் சாப்பிடவில்லை என்றால் அடுத்து உணவுக் குழாய். 700 வெள்ளி என்றதும் இதைத்தான் பலர் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள். உங்கள் கணக்கைப் பாருங்கள்: ஐந்து நாள் அட்மிட் என்றாலே 750 ஆகிவிடும். குழாய் வைத்துவிட்டால், உடம்பு நிதானப்பட்டதும் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே உணவு கொடுக்கலாம். வாரக்கணக்கில் தேவைப்பட்டாலும் நாள் வாடகை ஏறாது. குழாய் இருக்கும்போதே பூனை வாயாலும் சாப்பிடலாம், பசி திரும்பியதும் எடுத்துவிடுவார்கள். பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

மதிப்பீட்டில் எழுதாத செலவும் உண்டு. குழாய் வழியாக ஒரு நாளைக்குப் பல முறை உணவு கொடுக்க வேண்டும். உங்கள் ஷிஃப்ட் நேரத்தில் யார் கொடுப்பது? சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அதுவும் பஞ்சுவின் பில்லில் சேரும், ஓவர்டைம் போனாலும் அப்படித்தான். வீட்டில் அம்மா இருக்கிறார். குழாயில் எப்படிக் கொடுப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று கிளினிக்கில் காட்டும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர் இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்வாரென்று எனக்குத் தோன்றவில்லை. நோயிலிருந்து தேறும் பூனைக்குக் கொடுக்கும் தனி உணவு என்ன விலை என்பதையும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை 1,430 வெள்ளி. 900 வெள்ளி வெளிப் பரிசோதனைகளுக்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" மாறும் என்றால் செய்யுங்கள், எல்லாம் சேர்ந்து 2,330 ஆகும், மீதி 670 மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் இருக்கும். மாறாது என்றால் அந்தக் காசை வைத்துக்கொண்டு, அவன் தேறுகிறானா என்று பாருங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அட்மிட் செய்யும்போதே, "பில் 700-ஐத் தொடும்போது என்னைக் கூப்பிடுங்கள், கேட்காமல் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம்" என்றும் சொல்லிவையுங்கள்.

செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்று சிலர் யோசனை சொல்வார்கள். சிக்கலான நோய்க்கு நல்ல இடம். ஆனால் இப்போது அவன் இருக்கும் நிலையில் பினாங்கிலிருந்து அவ்வளவு தூரம் பயணம் வேண்டாம். முதலில் இங்கேயே உடம்பு நிதானப்படட்டும்.

எந்தப் பணத்தைத் தொடலாம் என்பதற்கும் காரணம் சொல்கிறேன். இபிஎஃப்பின் மருத்துவச் செலவு மீட்பு உங்களுக்கும் குடும்பத்தாருக்கும்தான், பூனைக்குக் கிடையாது. ஆனால் 2024 மே 11 முதல் வந்த நெகிழ்வுக் கணக்கில், குறைந்தது 50 வெள்ளி என்ற அளவில், எந்தத் தேவைக்கும் எடுக்கலாம். காரணம் கேட்க மாட்டார்கள். 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்த கணக்கு அது, ஆகவே சும்மா எடுக்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். இது சும்மா இல்லை. பணம் கைக்கு வரச் சில நாள் ஆகலாம் என்பதால் இன்றே விண்ணப்பித்துவிட்டு, முதல் படிக்கு வங்கிப் பணத்தைப் பயன்படுத்துங்கள்.

ஏஎஸ்எம்மைத் தொடாதீர்கள். நம்மவர்களுக்கான ஒதுக்கீட்டில் யூனிட் கிடைப்பதே பெரும்பாடு, காலையில் ஃபோனும் கையுமாக முயற்சி செய்தும் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். விற்பது சுலபம், திரும்ப வாங்குவது சுலபமில்லை.

கார்டு வேண்டவே வேண்டாம். தோழி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பழைய பாக்கி இருக்கும்போது புதிதாகச் செலவு செய்தால் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த 3,000-உம் சேர்ந்து 5,300 ஆனால், 18 விழுக்காட்டில் மாதம் ஏறக்குறைய 80 வெள்ளி வட்டிக்கே போகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் பஞ்சு குணமாகி வருஷங்கள் ஆன பிறகும் நீங்கள் அவன் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஃபேஸ்புக்கில் "உடனடிக் கடன்" என்று விளம்பரம் போடும் வட்டி முதலைகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

சங்கிலியை அம்மா கழுத்திலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். அடகுக்குத் தேவையே இல்லை, உங்களிடம் போதுமான பணம் இருக்கிறது. "பூனைக்கு இவ்வளவா" என்று அவர் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். காசில்லாத நாட்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். செலவு எங்கே நிற்கும் என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதி.

இனிச் சொல்வது எழுதவே கஷ்டமானது. 3,000 முடிந்தும் அவன் தேறவில்லை என்றால்? அல்லது ஸ்கேனிலேயே கைமீறிய நோய் தெரிந்தால்? அப்போது வலியில்லாமல் பார்த்துக்கொள்வதா, ஊசி போட்டுத் தூங்க வைப்பதா என்ற பேச்சு வரும். அதை மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை பேசி வையுங்கள். எந்த அறிகுறி வந்தால் அவன் கஷ்டப்படுகிறான் என்று பொருள், அதற்கு என்ன செலவாகும் என்று கேளுங்கள். மாதம் 600 வெள்ளி மிஞ்சும் ஒருவர் ஒரு பூனைக்காக 3,780 வெள்ளி செலவு செய்தால், அது ஆறு மாத மிச்சத்துக்கும் மேல். அதற்குப் பிறகு நிறுத்தினால் அவனைக் கைவிட்டதாக ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம், எப்படி முடிந்தாலும், மாதம் மிஞ்சும் 600-இல் 450-ஐக் கார்டுக்குக் கட்டுங்கள். புதிதாக எதையும் அதில் போடாவிட்டால் 2,300 பாக்கி ஆறாவது மாதத்தில் தீரும். 3,000-இல் செலவாகாமல் மிஞ்சுவதையும் கார்டிலேயே கட்டிவிடுங்கள். பூனைக்கான காப்பீடு மலேசியாவில் கிடைக்கிறது, ஆனால் ஏற்கெனவே வந்த நோய்க்கு அது பணம் தராது, சேர்ந்த உடனேயும் தராது. வயது வரம்பும் உண்டு. ஆகவே இந்த வாரம் அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பஞ்சு தேறிய பிறகு, எதற்கெல்லாம் விலக்கு என்ற பக்கத்தை முதலில் படித்துவிட்டு முடிவு செய்யலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் அவன் பெயரில் மாதம் 50 வெள்ளி தனியாக ஒரு கணக்கில் போட்டு வாருங்கள்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். தொகைகள் மாறியிருந்தால் சேர்ந்து மறுபடி கணக்குப் போடுவோம்.