ஆபரேஷனுக்குப் பிறகு அடித்துக்கொள்ளும் முயல்கள்

கேள்வி: ஆண் ஒன்று, பெண் ஒன்று என இரண்டு முயல் வளர்க்கிறோம். குட்டியிலிருந்து ஒரே கூண்டுதான். வதவதவென்று குட்டி போட்டுவிடுமே என்று இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். காயம் ஆறட்டும் என்று பிரித்து வைத்திருந்து, இரண்டு வாரம் கழித்து வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஒன்றாக விட்டால் ரோமம் பறக்கச் சண்டை. யாருக்காவது ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்கிறார் அப்பத்தா. கொடுத்துவிடவா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சேர்த்தது சீக்கிரம், அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்தாலும் ஹார்மோன் அடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், அதுவரை துரத்துவதும் மேலே ஏறுவதும் மூத்திரம் பீய்ச்சுவதும் இருக்கத்தான் செய்யும். (ஆணுக்கு மட்டும் செய்துவிட்டு உடனே பெண்ணோடு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சில வாரத்துக்குள் அதனால் சினைப்படுத்த முடியும்.) போதாததற்கு, முயல் வாடையை வைத்துத்தான் ஆளை அறியும், மருந்து வாடையோடு வந்து, தனியாகவும் கிடந்ததில் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிட்டது. புதிதாகப் பழக்குவதுபோல ஆரம்பியுங்கள்.

கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வலை வழியாக மூக்கைக் கடிக்காதபடி நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒன்றின் விரிப்பை மற்றதின் கூண்டில் அடிக்கடி மாற்றிப் போடுங்கள். வலையோரமாகச் சாவகாசமாகப் படுக்க ஆரம்பித்த பிறகு, இரண்டும் இதுவரை கால் வைக்காத இடத்தில் விட வேண்டும். வளவு வேண்டாம், அது ஏற்கெனவே யாரோ ஒருவரின் ராஜ்யம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பூட்டிக் கிடக்கும் அறை ஏதாவது இருக்குமே, அது போதும். ஆனால் தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, வெறும் ரோமம், வழவழப்பில் வழுக்கும், வழுக்கினால் மிரளும், மிரண்டால் கடிக்கும். நகத்தை முன்பே வெட்டிவிடுங்கள். முதலில் பத்து நிமிடம், அதுவும் விடிகாலையில். நம்மூர் உச்சிவெயிலில் முயலுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும்.

லேசாகத் துரத்துவது, ஏறுவது, கொஞ்சம் ரோமம் பிடுங்குவது இதையெல்லாம் விட்டுவிடலாம். முகத்தின் பக்கமாக ஏறினால் மட்டும் உடனே விலக்குங்கள், கீழே இருப்பது கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துவிடும். காதைப் பின்னால் மடித்து, வாலைத் தூக்கி, ஒன்றாகச் சுருண்டு உருண்டால் தேங்காய்ப்பூத் துண்டை மேலே போட்டுப் பிரியுங்கள், வெறுங்கையை நீட்டாதீர்கள். அப்புறம் ரோமத்தை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள், கடி உள்ளே மறைந்திருந்து சீழ் கட்டும். ஏதாவது ஒன்று அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றின் தலையை மற்றது நக்கிவிட்டு, ஒட்டிப் படுத்தால் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். சில நாள் கண்காணித்துவிட்டு இரவிலும் ஒன்றாக விடலாம். இனி ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனால் மற்றதையும் கூடவே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம்.

கேள்வி: கடைசிவரை சேராவிட்டால்?
– அதே வாசகி

பதில்: சில ஜோடி சேராது. அப்போதும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டிலேயே இருக்கட்டும், அந்தத் துணையே போதும். அப்பத்தாவிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள்.