கன்டெய்னர் அடுக்ககத்தில் சுவர் மூலை நனைவது பற்றி

சரக்குப் பெட்டி போன்ற எஃகுப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய உங்கள் வீட்டில் சுவர் மூலை ஏன் நனைகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை; உங்கள் அறைக் காற்றின் ஈரம்தான் அங்கே படிகிறது. மழையே இல்லாத நாளிலும் கட்டிலுக்குப் பின்னால் உள்ள மூலை காலையில் நனைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதிய துப்பு. ஈரத்தின் மேலேயே பெயின்ட் அடிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்காக அடுக்கப்படும் இந்தப் பெட்டிகளின் எலும்புக்கூடு எஃகு. அது அறையின் வெப்பத்தைச் சட்டென்று வெளியே கடத்திவிடும். நடுச்சுவரில் காப்புப் பஞ்சு இருந்தாலும் மூலைத் தூணருகே மெலிந்துவிடுகிறது. அறை 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். வழக்கமான கன்டெய்னரின் உள்ளகலமே 2.35 மீட்டர். அதற்குள் சோறு வடித்து, துணியும் உலர்த்தினால் வேறென்ன ஆகும்!

சோதித்துப் பாருங்கள்:

1. மூலையைத் துடைத்து உலரவிடுங்கள்.
2. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் அடைத்து ஒட்டுங்கள்.
3. ஓரிரு நாளில் தாளின் அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் அறை ஈரம். பின்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அறை ஈரம் என்றால் கட்டிலை ஒரு சாண் நகர்த்துங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல் மேலுள்ள காற்றுத் துளையில் துணி திணித்திருந்தால், முதலில் அதை எடுங்கள்.

ஆனால் தாளின் பின்பக்கம் நனைந்தாலோ, துருநிற நீர் வழிந்தாலோ, மழைக்குப் பின் ஈரம் கூடினாலோ, இரு பெட்டிகள் சேரும் மூட்டு விட்டிருக்கலாம். நீங்களே பலகையைப் பெயர்க்க வேண்டாம். படமெடுத்து நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்.