ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கிய தம்பிக்கு: பிளம்பரை அழைப்பது பற்றி

தம்பி, நீங்கள் வாங்கிய பழைய வீட்டில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் பேஸ்மென்ற் நிலத்திலுள்ள வடிகால் வழியாகத் தண்ணீர் மேலெழுகிறது என்றும், பார்க்க வந்த ஒரு நிறுவனம் முன்முற்றத்தைக் கிண்டிக் குழாய் முழுவதையும் மாற்ற 9,000 டொலர் கேட்கிறது என்றும், உறவினர் சொன்ன ஒரு தமிழர் அதில் பாதியைப் பற்றுச்சீட்டில்லாமல் கையில் காசாக வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதி, இருவரில் யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இருவரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். முதலில் மாநகரசபையின் தொலைபேசி இலக்கமான 311 ஐ அழைத்து, கழிவுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோவில் வீதியின் பிரதான குழாயிலிருந்து உங்கள் காணி எல்லை வரையுள்ள பகுதி மாநகரசபையின் பொறுப்பு. எல்லையிலிருந்து வீடு வரையுள்ளது மட்டுமே உங்களுடையது. அடைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பணம் கொடுக்கத் தொடங்கினால், உங்களுடையது அல்லாத குழாய்க்கும் நீங்களே செலவழிக்க நேரலாம்.

இதை நான் அறிந்தது ஒரு நல்ல பிளம்பரிடமிருந்து. எங்கள் வீடு 1950களில் கட்டப்பட்டது. அக்காலத்து வீடுகள் பலவற்றைப் போல வெளியே செல்வது சுட்ட களிமண் குழாய். குளியலறைத் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியபோது, அயலவர் ஒருவர் தாம் பல வருடங்களாக அழைத்துவரும் வயதான இத்தாலியரை அனுப்பிவைத்தார். அவர் வந்தவுடன் விலை சொல்லவில்லை. குழாயின் மூடியைத் திறந்து, கமராவை உள்ளே விட்டு, திரையை என் முன்னே வைத்து, குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தால் மரவேர்கள் உள்ளே நுழைந்திருப்பதைக் காட்டினார். பிறகு கமராவின் தலையிலிருந்து வரும் சமிக்ஞையை மேலிருந்து பிடிக்கும் ஒரு கருவியோடு முற்றத்தில் நடந்து, வேர் இருக்கும் இடம் நடைபாதைக்கு அருகில், எல்லைக்கு வெளியே என்று அடையாளமிட்டார். இது மாநகரசபையின் வேலை, 311 ஐ அழையுங்கள் என்று சொல்லி, வந்து பார்த்ததற்கான கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு, பற்றுச்சீட்டும் எழுதித் தந்துவிட்டுப் போனார். பல ஆயிரம் டொலர் வேலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பழுதைக் காட்டிய பிறகே விலையைச் சொல்பவரைத்தான் நான் நல்ல பிளம்பர் என்பேன். உங்களிடம் 9,000 டொலர் கேட்டவர்கள் குழாய்க்குள் கமரா விட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டிருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். விடாமலேயே கிண்ட வேண்டும் என்று சொன்னவர்களை மீண்டும் வீட்டுக்குள் அழைக்க வேண்டாம்.

இனி, கையில் காசு வாங்கிச் செய்ய வரும் நம்மவர் பற்றி. இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் இந்த நகரில் முறையாகத் தொழில் பழகி, உரிமம் பெற்று, நேர்மையாக உழைக்கும் தமிழ்ப் பிளம்பர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய பெயரும் சேர்ந்தே கெடுகிறது. என் மைத்துனர் பேஸ்மென்றில் வாடகைக்கு விடுவதற்காக ஒரு குளியலறை கட்டியபோது, ஊரில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தார். அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. ஓடுகள் அழகாகவே பதிக்கப்பட்டிருந்தன. ஆனால் கழிவுக் குழாய்க்குக் காற்றுக் குழாய் பொருத்தப்படவில்லை. ஒவ்வொரு வடிகாலின் கீழும் உள்ள வளைவில் தங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. குழாய்க்குள் காற்று வர வழி இல்லாவிட்டால், மேல்மாடியில் தண்ணீர் ஓடும்போது கீழேயுள்ள அந்த வளைவின் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். குடிவந்தவர்கள் சில மாதங்களில் நாற்றம் தாங்காமல் போய்விட்டார்கள். செய்தவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பற்றுச்சீட்டு இல்லாததால் முறையிடவும் வழி இருக்கவில்லை. உரிமம் பெற்ற இன்னொருவரைக் கொண்டு கொங்கிரீட் நிலத்தை மறுபடி உடைத்துச் சரிசெய்ய, முதலில் மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கு செலவாயிற்று.

ஆகவே வருபவர் தமிழரா, வேற்றினத்தவரா என்று பார்க்க வேண்டாம், உரிமத்தைப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் பிளம்பர் வேலை சான்றிதழ் கட்டாயமான தொழில். ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்னும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடினால், அவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ரொறன்ரோவுக்குள் வேலை செய்யும் ஒப்பந்தகாரருக்கு மாநகரசபையின் உரிமமும் வேண்டும். பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்றும், வேலையாட்கள் காயப்பட்டால் ஈடு தரும் மாகாணக் காப்புறுதி அமைப்பான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் அத்தாட்சி இருக்கிறதா என்றும் கேளுங்கள்; நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. எரிவாயுவில் இயங்கும் சுடுநீர்த் தாங்கியை மாற்றுவதென்றால் பிளம்பர் சான்றிதழ் மட்டும் போதாது, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ. தரும் எரிவாயு வேலைக்குரிய சான்றிதழும் தேவை.

விலையைப் பற்றி: பகலில் அழைத்தாலே மணிக்கு நூறு டொலருக்கு மேல் கேட்பது இங்கு வழமை, இரவிலும் வார இறுதியிலும் இன்னும் கூடும், அதன் மேல் 13 வீத எச்.எஸ்.டி. வரியும் உண்டு. அது அநியாயம் அல்ல. அநியாயம் பெரும்பாலும் அவசர நேரத்தில்தான் நடக்கிறது. 2024 ஜூலை 16 பெருமழையில் எங்கள் தெருவில் பல பேஸ்மென்றுகளில் கழிவுநீர் ஏறியது. பக்கத்து வீட்டு மூதாட்டி இணைய விளம்பரத்தைப் பார்த்து அழைத்த ஒரு நிறுவனத்தின் ஆள், வெள்ளத்தை வெளியேற்ற முன்னரே குழாய் மாற்றம், பம்ப் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். மூதாட்டியின் மகள் சட்டம் தெரிந்தவர் என்பதால் அந்த ஒப்பந்தத்தை நீக்க முடிந்தது. வீட்டில் வைத்து எழுதப்படும் ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நீக்க ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடந்தருகிறது. எழுத்தில் மதிப்பீடு தந்தவர், நீங்கள் புதிய வேலைக்கு உடன்படாதவரை, அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்கவும் முடியாது. எழுத்தில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. வாய்ச் சொல்லில் கொடுத்த வேலைக்கு உங்களிடம் காட்ட எதுவும் இராது. அழையாமல் கதவைத் தட்டிச் சுடுநீர்த் தாங்கி விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் 2018 மார்ச் முதலாம் திகதியிலிருந்து தடைசெய்யப்பட்டவை. அப்படி வருபவருக்கு உங்கள் கட்டணப் பட்டியலைக் காட்ட வேண்டாம்.

மாநகரசபை பார்த்துவிட்டு அடைப்பு உங்கள் பக்கம்தான் என்று சொன்னால், உரிமமுள்ள இருவரிடமாவது கமராவோடு வந்து பார்க்கச் சொல்லி, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். வேர் மட்டும் என்றால் வெட்டி எடுத்துவிடலாம். குழாய் உடைந்து அமிழ்ந்திருந்தால்தான் கிண்ட வேண்டும். அதே வேளையில் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைப் பொருத்துவது பற்றியும் கேளுங்கள். பேஸ்மென்ற் வெள்ளத்தைத் தடுக்கும் இத்தகைய வேலைகளுக்கு மாநகரசபை செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதற்கு உரிமமுள்ளவர் செய்த வேலையாகவும் பற்றுச்சீட்டு உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டில்லாமல் கையில் காசு கொடுத்துச் செய்வித்தால் அந்த உதவியும் போய்விடும். அதுவரை தோய்க்கும் இயந்திரத்தை ஓடவிட வேண்டாம், வடிகாலுக்கு அருகிலுள்ள பெட்டிகளை உயர்த்தி வையுங்கள், மேலெழுந்த தண்ணீரைப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 311 இல் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை மறக்காமல் எழுதி வையுங்கள். மீண்டும் அழைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.