1941 பேஸ்பால் சீசன்: அமெரிக்கன் லீக்கின் சிறந்த பேட்டர் யார்? கேள்வி பதில்

கே: அந்த சீசனில் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி 0.406. எம்விபி (லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதோ யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்குப் போனது. அப்படியானால் யாரைச் சிறந்த பேட்டர் என்பது?

ப: பேட்டிங்கை மட்டும் பார்த்தால் வில்லியம்ஸ்தான். விருது வேறு கணக்கு. பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் டிமாஜியோவுக்கு 291 புள்ளி, வில்லியம்ஸுக்கு 254. யாங்கீஸ் 101 ஆட்டம் வென்று முதலிடம். ரெட் சாக்ஸ் 17 ஆட்டம் பின்தங்கி இரண்டாமிடம். டிமாஜியோவின் சென்டர் ஃபீல்டு தடுப்பாட்டமும், தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) எடுத்த தொடரும் சேர்ந்துகொண்டன.

கே: தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் என்பது சாதாரணமா அண்ணா?

ப: அபூர்வம்தான், இன்றுவரை யாரும் தொடவில்லை. ஆனால் மே 15 முதல் ஜூலை 16 வரையிலான அதே நாட்களை எடுங்கள். டிமாஜியோ 223 அட்-பேட்டில் (சராசரிக் கணக்கில் வரும் பேட்டிங் வாய்ப்பு) 91 ஹிட், சராசரி 0.408. வில்லியம்ஸ் 187-இல் 77, 0.412! ஒரே நாளில் நாலு ஹிட் அடித்தாலும் தொடரில் ஒன்றாகத்தான் ஏறும். ‘வாக்’ (நாலு தவறான பந்து வந்தால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்; அட்-பேட்டில் சேராது) என்பதற்கு அங்கே மதிப்பே இல்லை.

கே: வீட்டில் உட்கார்ந்து நாமே கணக்குப் போட வழி உண்டா?

ப: பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் எளிய சூத்திரம் போதும். ஒருவர் உருவாக்கிய ரன்னை அது மதிப்பிடும். முதலில் மொத்த பேஸ்: சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, டிரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4. ஹிட்டையும் வாக்கையும் கூட்டி மொத்த பேஸால் பெருக்குங்கள். வந்ததை, அட்-பேட்டும் வாக்கும் சேர்ந்த எண்ணால் வகுங்கள்.

வில்லியம்ஸ்: 456 அட்-பேட், 185 ஹிட் (33 டபுள், 3 டிரிபிள், 37 ஹோம் ரன்), 147 வாக். மொத்த பேஸ் 335. விடை சுமார் 184 ரன். டிமாஜியோ: 541 அட்-பேட், 193 ஹிட், 76 வாக், மொத்த பேஸ் 348. விடை 152.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதுதான் தப்பு. ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 27 அவுட்தான். அதைச் செலவழித்துத்தான் ரன் வாங்க வேண்டும். அட்-பேட்டிலிருந்து ஹிட்டைக் கழித்தால் வில்லியம்ஸ் செலவழித்தது 271 அவுட், டிமாஜியோ 348. ஆக 27 அவுட்டுக்கு வில்லியம்ஸ் 18.4 ரன், டிமாஜியோ 11.8.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சூத்திரம் உச்சத்தில் இருப்பவர்களைக் கொஞ்சம் ஊதிக் காட்டும், ஒன்பது பேருமே வில்லியம்ஸ் என்பதுபோல. சரிபார்க்க இன்னொரு முறை: சிங்கிள் 0.47, டபுள் 0.78, டிரிபிள் 1.09, ஹோம் ரன் 1.40, வாக்கும் உடம்பில் பந்து பட்டுப் போனதும் 0.33, ஒவ்வோர் அவுட்டுக்கும் 0.25 கழிக்க வேண்டும். சராசரி ஆட்டக்காரரைவிட வில்லியம்ஸ் 115 ரன் கூடுதல், டிமாஜியோ 78. 37 ரன் இடைவெளி. பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்றால் நாலுக்குச் சற்றுக் குறைவு.

கே: சார், வாஷிங்டன் ஷார்ட்ஸ்டாப் செசில் டிராவிஸ் 218 ஹிட்டுடன் லீக்கில் முதல், சராசரி 0.359. மூன்றாமிடம் அவருக்குத்தானே?

ப: இல்லை. ஹோம் ரன் 7, வாக் 52 மட்டுமே. 27 அவுட்டுக்கு அவர் 8.9. யாங்கீஸின் சார்லி கெல்லர் சராசரி வெறும் 0.298, ஆனால் 33 ஹோம் ரன், 102 வாக். அவர் 9.3. கிளீவ்லாந்தின் ஜெஃப் ஹீத், 20 டிரிபிளுடன், 9.4. இரண்டாவது முறையிலோ கெல்லர் 60, ஹீத் 59, டிராவிஸ் 53. கெல்லருக்கும் ஹீத்துக்கும் உள்ள வித்தியாசம் சூத்திரத்தின் துல்லியத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பேஸை எட்டும் விகிதத்தில் கெல்லர் 0.416, ஹீத் 0.396, அதனால் மூன்றாமிடம் கெல்லருக்கு என்பேன். ஹீத்தின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க.

கே: ஆர்பிஐ (ஒருவர் அடித்ததால் அணிக்குக் கிடைத்த ரன்)?

ப: டிமாஜியோ 125, ஹீத் 123, கெல்லர் 122, வில்லியம்ஸ் 120. முன்னால் ஆடியவர் பேஸில் நின்றாரா என்பதைப் பொறுத்த எண். தள்ளிவிடுங்கள்.

கே: மைதானம் வில்லியம்ஸுக்குச் சாதகம் இல்லையா?

ப: ஓரளவு உண்மை. 1940-இல் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வேயின் வலப்பக்கச் சுவருக்கு முன் புல்பென் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தயாராகும் இடம்) கட்டி எல்லையை உள்ளே இழுத்தார்கள். இடக்கை ஆட்டக்காரருக்கு லாபம். வலக்கையரான டிமாஜியோவுக்கோ யாங்கி ஸ்டேடியத்தின் இடது-மையம் 457 அடி. திருத்துங்கள், ஆனால் சொந்த மைதானத்தில் நடப்பது பாதி ஆட்டம்தான், ஆகவே திருத்தத்தில் பாதியைத்தான் சேர்க்க வேண்டும். 27 அவுட் கணக்கில் டிமாஜியோ எட்டிப் பிடிக்க 56 சதவீதம் கூட வேண்டும். எந்த மைதானமும் அவ்வளவு தராது.

கே: இன்றைய விதியில் அந்த 0.406 குறையுமா?

ப: கூடும். அன்று சாக்ரிஃபைஸ் ஃப்ளை விதி இல்லை. ரன்னரை ஹோமுக்கு அனுப்பிய ஃப்ளை அவுட்டும் அட்-பேட்டாகவே பதிவானது. அப்படி ஐந்தைக் கழித்தாலே 185-க்கு 451, 0.410.

கே: வேறு சீசனுக்கும் இதே முறை போடலாமா?

ப: தாராளமாக. தகுதியை மட்டும் அட்-பேட்டில் வைக்காதீர்கள். 1954-இல் 0.345 எடுத்த வில்லியம்ஸ், 136 வாக் போனதால் 386 அட்-பேட்டோடு நின்று, 400 என்ற வரம்பைத் தொடாமல் பேட்டிங் சராசரிப் பட்டத்தை 0.341 எடுத்த பாபி அவிலாவிடம் இழந்தார். பிளேட் அப்பியரன்ஸை (வாக் உட்பட எல்லா பேட்டிங் வாய்ப்பும்) எண்ணுங்கள், அணியின் ஆட்டத்துக்கு 3.1.